விளக்கு எரிந்தால் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது என்று அர்த்தமா? (ரிமோட், ஸ்டேட்டஸ் வயரிங்)

கேள்வி, பிப்ரவரி 11

எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி நடக்கிறது. ஸ்டுடியோ தரைத்தளத்தில். டிரான்ஸ்மிட்டர் எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அதற்கு மேலே டவர். கேபிள் போகும் வழியை அளந்தால் 90 மீட்டர் வருகிறது. காலையில் ஆன் செய்யவும் இரவில் ஆஃப் செய்யவும் மாடி ஏற வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்மிட்டருக்குப் பின்னால் 'ரிமோட்' என்று போட்டு 25 பின் கனெக்டர் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோ மேசையில் ஒரு சுவிட்சும் ஒரு பச்சை விளக்கும் இருந்தால் போதும். ஒரு கேட்-5 (நெட்வொர்க்) கேபிள் இழுத்து, சுவிட்சிலேயே விளக்கையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில், பிப்ரவரி 11, இரவு 10.20

சுவிட்சோடு சேர்த்து விளக்கு கொடுக்காதீர்கள். சுவிட்ச் ஆனில் இருக்கிறது என்பதைத் தவிர அந்த விளக்கு வேறு எதுவும் சொல்லாது. அதற்குச் சுவிட்சைப் பார்த்தாலே போதுமே. மேலே எம்சிபி விழுந்திருக்கும், அல்லது ஃபேன் நின்று சூட்டில் டிரான்ஸ்மிட்டர் தானாக நின்றிருக்கும். கீழே பச்சை விளக்கு பாட்டுக்கு எரியும். ஒரு மணி நேரம் நேரலை முடித்துவிட்டு வெளியே வந்தால், யாராவது போன் செய்து "இன்னைக்கு உங்க ரேடியோ வரலையே" என்பார்கள்.

கட்டளை கீழிருந்து மேலே போகிறது, நிலை மேலிருந்து கீழே வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி. கேட்-5இல் நான்கு ஜோடி இருப்பதால் உங்களுக்குச் சரியாகப் போய்விடும்: ஆன் கட்டளைக்கு ஒன்று, ஆஃப் கட்டளைக்கு ஒன்று, 'ஆர்எஃப் (ரேடியோ அலை) வெளியே போகிறது' என்ற நிலைக்கு ஒன்று, பழுது அறிவிப்புக்கு ஒன்று. பொதுக் கிரவுண்ட் ஒன்றை வைத்துக் கம்பியை மிச்சப்படுத்தலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கேட்காதீர்கள். பழுது பார்க்கும் அன்று ஜோடி ஜோடியாகப் பிரித்து அளக்க முடிவதுதான் பெரிய உபகாரம்.

அப்புறம், நீங்கள் நினைப்பதுபோல் 'ஒரு சுவிட்ச்' பெரும்பாலும் வேலை செய்யாது. பல எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்களில் ஆனுக்கு ஒரு பின், ஆஃபுக்கு ஒரு பின் இருக்கும். அரை விநாடி தொட்டு விட்டால் போதும், உள்ளே லாட்ச் ஆகிவிடும், கையை எடுத்தாலும் அந்த நிலையிலேயே நிற்கும். சிலவற்றில் மட்டும் ஒரே பின்னைத் தொடர்ந்து பிடித்திருக்க வேண்டும். உங்களுடையது எது என்பதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும். 25 பின்னில் எது எங்கே என்பதற்குப் பொதுத் தரம் ஒன்றும் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும்.

எதிர்க் கட்டடம் என்கிறீர்களே, அதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. இடி பற்றிப் பேசும்போது வருகிறேன்.

பிப்ரவரி 12

'90 மீட்டருக்கு கேட்-5 தாங்குமா' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுவிடலாம். கேட்-5 கம்பி 100 மீட்டருக்கு அதிகபட்சம் 9.4 ஓம் சொச்சம். போய்த் திரும்பும் 90 மீட்டர் ஜோடிக்கு 17 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் வழியில் இழப்பது 0.17 வோல்ட், அதாவது ஒன்றுமே இல்லை. 12 வோல்ட் ரிலே (காயிலில் கரண்ட் போனால் இழுத்து கான்டாக்ட்டை மாற்றும் சுவிட்ச்), காயில் 400 ஓம் என்றால் 30 மில்லி ஆம்பியர். அரை வோல்ட் போகும், ரிலே இழுத்துவிடும். ஆனால் பழைய ஸ்டுடியோ விளக்குப் பெட்டியில் 12 வோல்ட் 5 வாட் இழை பல்பு இருந்தால் அது 0.4 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஏறக்குறைய 7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட் ட்ரான்சிஸ்டரையும் கொண்டுபோய்விடும்.

கரண்ட் குறைவாக இருக்கும்வரை தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பெரிய விளக்கு எரிய வேண்டுமானால் அதற்கான ரிலேவும் பவர் சப்ளையும் ஸ்டுடியோ பக்கம் இருக்கட்டும். நீண்ட கம்பியில் செய்தி மட்டும் வரட்டும்.

பல டிரான்ஸ்மிட்டர்களின் ரிமோட் கனெக்டரில் ஒரு பின்னில் 12 வோல்ட் வரும். ஆசைப்பட்டு அதைக் கீழே வரைக்கும் கொண்டுவராதீர்கள். வழியில் எலி கடித்து ஷார்ட் ஆனால் டிரான்ஸ்மிட்டரின் கன்ட்ரோல் போர்டும் சேர்ந்து படுக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கனெக்டர் பக்கத்திலேயே 100 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

ஆப்டோ கப்ளருக்கு (இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தால் பிரித்து, ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் சிறு ஐசி) ரெசிஸ்டர் எவ்வளவு என்று கேட்டவருக்கு: உள்ளே இருப்பது ஒரு எல்இடி. அதில் 1.2 வோல்ட் விழும். மீதியை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம், 24 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம். இரண்டிலும் 10 மில்லி ஆம்பியர் பக்கம் வரும். 24 வோல்ட்டில் ரெசிஸ்டர் கால் வாட்டுக்கு நெருக்கமாகச் சூடாகும், அதனால் அரை வாட் வாங்குங்கள். எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007. ரிலேக்களை இயக்க யுஎல்என்2803 ஐசியைப் பயன்படுத்தினால் டயோடு உள்ளேயே இருக்கிறது, ஆனால் 10ஆவது பின்னை ரிலே சப்ளையோடு இணைத்தால்தான் அது வேலை செய்யும். அந்தப் பின்னை அந்தரத்தில் விட்டுவிட்டு ஐசி போகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பிப்ரவரி 14

டி கனெக்டரில் (அந்த 25 பின் கனெக்டர்தான்) சால்டர் வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில், பிளாஸ்டிக்கிலேயே, எறும்பு அளவுக்கு எண் வார்த்திருப்பார்கள். அதை மட்டும் நம்புங்கள். மேனுவலில் இருக்கும் படம் டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கத்தை எதிரே நின்று பார்ப்பது. நீங்கள் சால்டர் வைப்பது கேபிளில் இருக்கும் ஆண் கனெக்டரின் முதுகில். ஆணின் முகத்தைப் பார்த்தால் படத்துக்குக் கண்ணாடிப் பிம்பம், முதுகைப் பார்த்தால் படத்தைப் போலவே நேராக. பாதி வேலையில் திருப்பிப் பிடித்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 13 வந்து நிற்கும். இந்த விஷயத்தில் அனுபவசாலிகளும் தப்புவதில்லை. டிரான்ஸ்மிட்டரில் செருகும் முன் மல்டிமீட்டரில் பீப் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். இரண்டு பக்கத் திருகையும் முடுக்குங்கள். ஃபேன் அதிர்விலேயே டி கனெக்டர் நழுவும்.

பிப்ரவரி 15

ஆர்ஜே-45 போட்டு முடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். சுவரில் ஆர்ஜே-45 ஓட்டை தெரிந்தால் அதில் லேப்டாப்பைச் செருகாத மாணவன் பிறக்கவில்லை. தர நிர்ணயப்படி வரும் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும்) சுவிட்ச் எதிர்முனையைச் சோதித்துவிட்டுத்தான் 48 வோல்ட் தரும். வைஃபை ஆன்டெனாக்களோடு வருகிற பாஸிவ் இன்ஜெக்டர் சோதிக்காது, 24 வோல்ட்டை அப்படியே தள்ளும். அது உங்கள் 'ஆன்' ஜோடியில் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திருகு டெர்மினல் போடுங்கள். ஃபெரூல் நம்பர் (கம்பியில் மாட்டும் எண் வளையம்) இரண்டு முனையிலும்.

பிப்ரவரி 19

விளக்கு விஷயத்தை இன்னும் கொஞ்சம் யோசித்தேன். 'பழுது' ஜோடியில் பழுது வந்தால் மூடும் கான்டாக்ட்டை எடுக்காதீர்கள். கம்பி அறுந்துவிட்டால் அது ஒருபோதும் மூடாது. சிவப்பு விளக்கு எரியாததைப் பார்த்து எல்லாம் சுகம் என்று உட்கார்ந்திருப்பீர்கள். எல்லாம் நன்றாக இருக்கும்வரை மூடியிருந்து, பழுது வந்தால் திறக்கும் கான்டாக்ட்டை எடுங்கள். அப்போது பழுது வந்தாலும், கம்பி அறுந்தாலும், மேலே கரண்டே போனாலும் கீழே பஸ்ஸர் அடிக்கும். இது ரயில்வே சிக்னல்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

ரிலேவில் மூன்று முனையும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. இரண்டில் ஒன்று எரிந்தே ஆக வேண்டும். இரண்டும் அணைந்திருந்தால் கம்பி அல்லது சப்ளை போயிற்று, இரண்டும் எரிந்தால் எங்கோ ஷார்ட். ஒரு கம்பி கூடுதல், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

நிறத்தைப் பற்றி இங்கே சண்டை வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் சொல்வதும் சரிதான். நம் ஊர் மின் பேனல்களில் பிரேக்கர் ஆனில் இருந்தால் சிவப்பு, ஆஃபில் பச்சை, ஏனென்றால் அவருக்குக் கரண்ட் இருப்பது ஆபத்து. ரேடியோக்காரருக்குக் கரண்ட் இல்லாததுதான் ஆபத்து. விளக்குக்குக் கீழே 'ஒலிபரப்பு ஓடுகிறது', 'நின்றுவிட்டது' என்று தமிழில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பிப்ரவரி 27

'இதெல்லாம் எதற்கு, ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு புரோகிராம் போர்டு) ஒன்று வாங்கி வைஃபையில் செய்துவிடலாமே' என்று எழுதிய தம்பிக்கு.

செய்யலாம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் நீல ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை இன்புட் வோல்ட்டேஜ் தாழ்ந்தால் ரிலேவை இழுக்கும் ரகம். போர்டு பூட் ஆகும் நேரத்தில் உங்கள் புரோகிராம் இன்னும் தொடங்கியிருக்காது, பின்கள் தம் இஷ்டத்துக்கு மேலும் கீழும் போகும். ஈஎஸ்பி32இல் சில பின்கள் பூட்டின்போது ஒரு துள்ளல் காட்டியே தீரும். அந்தத் துள்ளல் 'ஆன்' ரிலேவில் விழுந்தால்? இரவு 2 மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்போது, ஆள் இல்லாத நேரத்தில், டிரான்ஸ்மிட்டர் தானாக ஆன் ஆகும். கேரியர் (நிகழ்ச்சியைச் சுமக்கும் அலை) மட்டும் போகும், உள்ளே ஒன்றும் இருக்காது.

துள்ளாத பின்னைத் தேர்ந்தெடுங்கள், வெளியே 10 கிலோ ஓம் புல்-அப் (ரிலே இன்புட்டை உயர்ந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். ஆன் கட்டளைக்கு இரண்டு பின்களும் ஒரே நேரத்தில் சம்மதித்தால்தான் ரிலே இழுக்கும்படி இரண்டு ட்ரான்சிஸ்டரைத் தொடராக வையுங்கள். ஆஃபுக்கு ஒன்று போதும். தவறி ஆஃப் ஆவது அவமானம், தவறி ஆன் ஆவது வேறு மாதிரி விஷயம் (கீழே ஏப்ரல் 6 பாருங்கள்).

எஃப்எம் ஆன்டெனாவுக்கு நேர் கீழே சிறு போர்டை உலோகப் பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள். உள்ளே வரும் ஒவ்வொரு கம்பியும் ஆர்எஃபைக் கூட்டிக்கொண்டு வரும். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் 1 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று சேஸிஸுக்கு, ஒரு ஃபெரைட் கிளிப். இவ்வளவு செய்தாலே பாதிப் பேய் ஓடிவிடும்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். பச்சை விளக்கு வேலை செய்கிறதாம். நல்லது. ஆனால் அந்தப் பச்சைக்கு என்ன தெரியும்? டிரான்ஸ்மிட்டரின் கப்ளர் (வெளியே போகும் பவரை அளக்கும் இடம்) வரைக்கும் ஆர்எஃப் வந்தது என்பது தெரியும். அதில் உங்கள் நிகழ்ச்சி ஏறியிருக்கிறதா என்பது தெரியாது. மிக்சரிலிருந்து மாடிக்குப் போகும் ஆடியோ கேபிள் கழன்றிருந்தாலும் பச்சை எரியும்.

அதனால் ஸ்டுடியோவில் ஒரு எஃப்எம் ரிசீவர் வைத்து, உங்கள் அலைவரிசையை வாங்கி, அதன் ஆடியோவைச் சைலன்ஸ் டிடெக்டரில் கொடுங்கள். ஒலி மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறிப்பிட்ட நேரம் இருந்தால் அது ஒரு ரிலேவை இழுக்கும். மைனஸ் 40 டெசிபெல், 20 விநாடி என்று தொடங்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கேரியர் நின்றால் சாதாரண எஃப்எம் ரிசீவர் அமைதியாகாது, 'உஸ்' என்று முழு வேகத்தில் இரையும். சைலன்ஸ் டிடெக்டருக்கு அந்த இரைச்சலும் பிரமாதமான நிகழ்ச்சிதான். டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடக்கும், அலாரம் அடிக்காது. சிக்னல் இல்லாதபோது ஆடியோவை மியூட் செய்யும் ரிசீவர்தான் வேண்டும். ரிசீவரிலேயே கேரியர் இருக்கிறது என்று சொல்லும் கான்டாக்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவிலிருந்து ரேடியோ லிங்க்கில் ஆடியோ அனுப்புகிறவர்களுக்கும் மேலே இருக்கும் லிங்க் ரிசீவர் விஷயத்தில் இதே கதை.

மார்ச் 9

20 விநாடி போதாது என்கிறார் ஒருவர், வீணை ஆலாபனைக்கு அலாரம் அடிக்கிறதாம். வீணையின் கார்வை மைனஸ் 40க்குக் கீழே 20 விநாடி நிற்பது கஷ்டம். உங்கள் மட்டமே மொத்தத்தில் குறைவாக இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். முதலில் லெவலைப் பாருங்கள்.

உண்மையான சங்கடம் வேறு. ஜனவரி 30 காலை 11 மணிக்குத் தியாகிகள் நினைவாக 2 நிமிட மௌனம். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் (எது என்று கேட்காதீர்கள்) அறிவிப்பாளர் கம்பீரமாக அறிவித்துவிட்டு மைக்கை மூடினார். சரியாக 20 விநாடியில் சைலன்ஸ் டிடெக்டர் தன் கடமையைச் செய்தது. பேக்கப் பிளேயர் ஒரு குத்துப் பாட்டைத் தொடங்கியது. அடுத்த வாரமே டிடெக்டரைத் தற்காலிகமாக நிறுத்தும் பைபாஸ் பட்டன் வைத்தோம், 5 நிமிடத்தில் தானாக விலகும்படி. வெறும் சுவிட்சாக வைத்திருந்தால் யாரும் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள்.

மார்ச் 20

பவர் மீட்டர் கேட்டவருக்கு. ரிமோட் கனெக்டரில் ஃபார்வர்ட் (ஆன்டெனாவுக்குப் போகும்), ரிஃப்ளெக்டட் (திரும்பி வரும்) பவருக்கு ஆளுக்கொரு டிசி வோல்ட்டேஜ் வரும். பல கருவிகளில் அது பவருக்கு நேர் விகிதத்தில் இருக்காது, அதன் வர்க்க மூலத்துக்கு விகிதத்தில் இருக்கும். 100 வாட்டுக்கு 4 வோல்ட் என்றால் 2 வோல்ட் என்பது 50 வாட் அல்ல, 25 வாட். சில கம்பெனிகள் உள்ளேயே நேராக்கித் தருகிறார்கள். பவரைப் பாதியாக்கி அளந்து பார்த்தால் உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

100 வாட் போய் 4 வாட் திரும்பினால் எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்) 1.5. அதைத் தாண்டினால் அலாரம் வையுங்கள். மழைக்காலத்தில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது இந்த எண்தான் முதலில் நகரும். அதனால் இன்றைய மதிப்பைவிடப் போன மாத மதிப்போடு ஒப்பிடுவதுதான் பிரயோஜனம். ஒரு நோட்டு போட்டுத் தினமும் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சாஃப்ட்வேரையும்விட நன்றாக வேலை செய்யும், எழுத ஆள் இருக்கும்வரை.

ஏப்ரல் 6

இன்டர்லாக் லூப்பையும் அதே கேட்-5இல் கீழே கொண்டுவந்து, ஸ்டுடியோவில் எமர்ஜென்சி பட்டன் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இன்டர்லாக் என்பது மேலே இருக்கிறவரின் உயிருக்கானது. கதவு, டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கும் சோதனைச் சுமை) சுவிட்ச், கூலிங் எல்லாம் தொடராக மூடினால்தான் ஆர்எஃப் வரும். அது அந்த அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. ரிமோட் கட்டளை அதை மீறவும் கூடாது. கீழே நிறுத்த ஆஃப் பட்டன் இருக்கிறது, போதும்.

லோக்கல்/ரிமோட் சுவிட்சைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. டவரில் ஆள் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை லோக்கலுக்குத் தள்ளி, ஆஃப் செய்து, மெயின்ஸையும் பிரித்து, முடிந்தால் பூட்டி, சாவியை ஏறுகிறவரின் சட்டைப் பையில் போட வேண்டும். 100 வாட்தானே என்று நினைக்காதீர்கள், ஆன்டெனாவைக் கையால் தொட்டால் ஆர்எஃப் தோலுக்கு உள்ளே சுடும். அதுவும் 30 மீட்டர் உயரத்தில் கையை உதறினால் சூட்டைவிடப் பெரிய பிரச்சினை. கீழே இருக்கிற அறிவிப்பாளருக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. விளக்கு அணைந்திருக்கிறதே என்று ஆன் பட்டனை அழுத்துவார். அது அவர் வேலை. 'லோக்கலில் இருக்கிறது' என்ற நிலையையும் கீழே விளக்காகக் கொண்டுவாருங்கள்.

நான்கு ஜோடி தீர்ந்துவிட்டது என்கிறீர்களா? சரி, இன்னொரு கேட்-5 இழுங்கள்.

ஏப்ரல் 28

கோடை மழை வந்துவிட்டது. எதிர்பார்த்தது நடந்திருக்கிறது. கேள்வி கேட்டவரின் ஆப்டோக்களில் பாதி போயிற்றாம், டிரான்ஸ்மிட்டர் தப்பித்ததாம்.

இதைத்தான் முதல் நாளே வில்லங்கம் என்றேன். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். டவரில் அல்லது பக்கத்தில் இடி விழும்போது அந்தக் கட்டடத்தின் எர்த் ஒரு கணம் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். உங்கள் கட்டடத்தின் எர்த் அப்படியே இருக்கும். நடுவே இருக்கும் செம்புக் கம்பிதான் அந்த வித்தியாசத்தைச் சுமக்க வேண்டும். பிசி817 ஆப்டோ 5,000 வோல்ட் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்வது உண்மை. ஆனால் நீங்கள் அதைப் பொருத்தியிருக்கும் போர்டில் இரண்டு பக்கத் தடங்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, படத்தில் தெரிகிறது. மின்னல் ஐசிக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, வெளியிலேயே தாண்டிவிடும்.

இரண்டு முனையிலும் கேஸ் டிஸ்சார்ஜ் அரெஸ்டர் (வோல்ட்டேஜ் எகிறினால் எர்த்துக்குத் திருப்பிவிடும் குழாய்) போடலாம், உதவும். ஆனால் கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபரைப்போல் வராது. ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர் (செம்பு ஈதர்நெட்டை ஃபைபருக்கு மாற்றுவது), ஈதர்நெட்டில் பேசும் இன்புட் அவுட்புட் பெட்டி இரண்டு. டவர் கட்டடத்தில் நடப்பது அங்கேயே நிற்கும். உள்ளே இரும்புக் கம்பி ஓடாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். ஒரே கட்டடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு பிப்ரவரியில் சொன்ன செம்பு வயரிங் அப்படியே பொருந்தும்.

மே 17

ஃபைபருக்கு மாறியாயிற்று என்றால் இப்போது வேறு வகைத் தொல்லை. பெட்டிகள் எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியே கருவியின் நிலையைக் கேட்டுச் சொல்லும் முறை) பேசும். நாம் போய்க் கேட்பது போர்ட் 161, பெட்டி தானாகக் கத்துவது போர்ட் 162. கத்தல் யுடிபியில் (வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்காத முறை) வருகிறது, வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் கத்தலை மட்டும் நம்பிச் சும்மா இருக்க முடியாது. 10 விநாடிக்கு ஒரு தடவை போய்க் கேளுங்கள், மூன்று தடவை பதில் இல்லையென்றால் அதையே பழுதாக எடுத்துக்கொண்டு பஸ்ஸரை அடியுங்கள். பிப்ரவரி 19இல் சொன்ன திறக்கும் கான்டாக்ட் கதைதான், நெட்வொர்க் உடுப்பில்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு டிவி நிலையத்தின் அவசர எச்சரிக்கைக் கருவிக்குள் யாரோ புகுந்து, இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து தாக்குகிறார்கள் என்று அறிவித்தார்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்ததுதான் வழி. உங்கள் டிரான்ஸ்மிட்டர் பக்கத்தை வீட்டிலிருந்து பார்க்க ஆசையாக இருந்தால் விபிஎன் வழியாகப் பாருங்கள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். கல்லூரி நெட்வொர்க்கில் தனி விலேன் (மற்றவர்களிடமிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) கேளுங்கள். தர மாட்டேன் என்பார்கள், திரும்பக் கேளுங்கள்.

மே 18

ஆமாம், மீடியா கன்வெர்ட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். ஜெனரேட்டர் வரும்வரை பழுது விளக்கு எரிகிறதே என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் இப்போது 'மைக் திறந்தால் ஸ்டுடியோ வாசலில் சிவப்பு விளக்கு, உள்ளே ஸ்பீக்கர் மியூட்' கேட்கிறார். பெரிய டிஜிட்டல் கன்சோல்களில் இது கேட்காமலே வரும். உதாரணமாக லைவ்வயர் (நெட்வொர்க் கேபிளில் ஆடியோ அனுப்பும் முறை) வகைக் கருவிகளில் ஒரு டிபி-15 கனெக்டருக்கு 5 இன்புட், 5 அவுட்புட். மேடைக் கச்சேரிக்கு வாங்கிய மிக்சரில் ஃபேடர் திறந்ததைச் சொல்லும் கான்டாக்டே இருக்காது, அதற்குக் கன்சோலைத் திறந்து மைக்ரோ சுவிட்ச் வைக்க வேண்டும், அல்லது மைக்குக்கு வெளியே தனி பட்டன். உங்கள் மிக்சர் மாடலைச் சொல்லாமல் இதற்கு மேல் பேச முடியாது. பின்பக்கப் படத்தோடு தனிக் கேள்வியாகத் தொடங்குங்கள்.